புற்றுச் செல்லின் சர்க்கரையை அளக்கும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சர்க்கரையைப் பிடிக்கும் லெக்டின் என்ற புரதத்தை ஒளிரும் சாயத்தோடு செல்லில் போட்டு, ஒவ்வொரு செல்லின் ஒளியையும் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டினால் எப்படியும் ஒரு எண் வந்துவிடும். இந்த வேலையின் ஆபத்தே அதுதான். ஆன்டிபாடி கெட்டுப்போனால் பெரும்பாலும் திரையில் ஒன்றும் தெரியாது, நமக்கும் சந்தேகம் வந்துவிடும். லெக்டின் தப்பான இடத்தில் ஒட்டினாலும் பளிச்சென்று ஒரு மேடு எழும், நாமும் நம்பிவிடுவோம். அதனால் கீழே வரும் எல்லா அறிகுறிகளுக்கும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: இந்த ஒளி நாம் தேடும் சர்க்கரையிலிருந்துதான் வருகிறதா?

செல்லின் மேல்பரப்பில் உள்ள புரதங்களிலும் கொழுப்புகளிலும் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்குகின்றன. இவற்றைக் கிளைக்கன் என்கிறோம். செல் புற்றாக மாறும்போது இவையும் மாறுகின்றன. நுனியில் சயாலிக் அமிலம் என்ற சர்க்கரை கூடும், கிளைகள் பெருகும், சில சங்கிலிகள் வளராமல் முதல் சர்க்கரையோடு நின்றுவிடும். லெக்டின் என்பது குறிப்பிட்ட சர்க்கரை வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும் புரதம். பல லெக்டின்கள் நம் சமையலறை டப்பாக்களில் இருக்கும் விதைகளிலிருந்து கிடைப்பவை. ராஜ்மாவிலிருந்து வரும் பிஎச்ஏ-எல் கிளை பெருகிய சங்கிலிகளைப் பிடிக்கும். நிலக்கடலையின் பிஎன்ஏ, சயாலிக் அமிலம் மூடாத டி ஆன்டிஜென் என்ற இரு சர்க்கரைத் துண்டைப் பிடிக்கும். கோதுமை முளையின் டபிள்யூஜிஏ, என்-அசிட்டைல் குளுக்கோசமினையும் சயாலிக் அமிலத்தையும் பிடிக்கும். ஜாக் பீன் என்ற அவரை வகையிலிருந்து வரும் கான்-ஏ மேனோஸைப் பிடிக்கும். எல்டர் மரப்பட்டையின் எஸ்என்ஏ, ஆல்ஃபா 2,6 பிணைப்பில் உள்ள சயாலிக் அமிலத்தைத் தேடிப் போகும். கல்லீரல் புற்றுக்கான ஏஎஃப்பி-எல்3 ரத்தப் பரிசோதனை மசூர் பருப்பின் லெக்டினை நம்பி உருவானது. ஆகவே இங்கே நாம் செய்யும் பிழை ஆய்வுத் தாளோடு நிற்பதில்லை, நோயாளி வரை போகக்கூடியது.

பிழை தேடுவதற்கு முன் இந்த டியூப்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றும் போடாத செல் ஒன்று. லெக்டின் இல்லாமல் ஸ்ட்ரெப்டாவிடின் சாயம் மட்டும் போட்டது ஒன்று (லெக்டினில் ஒட்டிய பயோட்டின் என்ற சிறு கொக்கியைப் பிடித்துச் சாயத்தைச் சேர்க்கும் புரதம் இது). லெக்டினை அதற்குரிய சர்க்கரையோடு முன்கூட்டியே கலந்து போட்டது ஒன்று. நொதியால் அந்தச் சர்க்கரையை வெட்டிவிட்டு லெக்டின் போட்டது ஒன்று. கடைசி இரண்டும் இல்லையென்றால் மேலே படிக்க வேண்டாம், முதலில் அவற்றைச் செய்துவிட்டு வாருங்கள்.

அறிகுறி 1: ஒளியே இல்லை, அல்லது மிக மங்கல்

பெரும்பாலான நேரம் குற்றவாளி செல்லை வைக்கும் கரைசலான பஃபர்தான். ஆன்டிபாடிக்கு எல்லா ஆய்வகங்களிலும் ஒரு வழக்கமான கலவை இருக்கும்: பாஸ்பேட் உப்புநீர், 2 விழுக்காடு மாட்டுக் கன்றின் சீரம், 2 மில்லிமோலார் ஈடிடிஏ. ஆன்டிபாடிக்கு அருமையான கலவை. லெக்டினுக்கோ இதில் இரண்டு விஷங்கள் இருக்கின்றன. சீரம் முழுக்கச் சர்க்கரை தாங்கிய புரதங்கள். நீங்கள் ஊற்றிய லெக்டின் செல்லைத் தொடுவதற்கு முன்பே அவற்றோடு ஒட்டித் தீர்ந்துவிடும். ஈடிடிஏ கால்சியத்தையும் மாங்கனீசையும் உருவிக்கொள்ளும். அவரைக் குடும்பத்து லெக்டின்களுக்கு, அதாவது கான்-ஏ, பிஎச்ஏ, பிஎன்ஏ, மசூர், கொள்ளு ஆகியவற்றுக்கு, இந்த உலோகங்கள் இல்லாமல் சர்க்கரையைப் பிடிக்கும் குழி வடிவமே நிற்காது.

மாற்று எளிது. ஹெப்பிஸ் அல்லது ட்ரிஸ் உப்புநீர், 1 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, 0.1 மில்லிமோலார் மாங்கனீசு குளோரைடு. பாஸ்பேட்டில் கால்சியத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வீழ்படிவாகிக் கலங்கும், அதனால் அதைத் தவிர்ப்பது நல்லது. சீரத்தை விட்டுவிடுங்கள். அல்புமின் போடலாமே என்று கேட்பீர்கள். அல்புமினில் சர்க்கரைச் சங்கிலி கிடையாது, உண்மைதான். ஆனால் விற்பனைக்கு வரும் மாட்டு அல்புமினில் மற்ற சீரப் புரதங்கள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். பெர்அயோடேட்டால் அந்தச் சர்க்கரைகளை உடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம். சர்க்கரை இல்லாதது என்று தனியாக விற்கப்படும் தடுப்புக் கரைசலும் கிடைக்கிறது. பால் பவுடரை இந்த வேலையின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

பஃபர் சரி, ஆனாலும் பிஎன்ஏ மட்டும் மங்கல் என்றால் அது பிழையாக இல்லாமலும் இருக்கலாம். டி ஆன்டிஜெனின் மேல் சயாலிக் அமிலம் மூடியாக உட்கார்ந்திருந்தால் பிஎன்ஏ உள்ளே நுழைய முடியாது. கொஞ்சம் செல்லை எடுத்து, சயாலிக் அமிலத்தை வெட்டும் நியூராமினிடேஸ் நொதியைப் போட்டு, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஒளி ஏறினால் உங்கள் லெக்டினும் நன்றாக இருக்கிறது, செல்லும் தன்னைப் பற்றி ஒரு செய்தி சொல்லிவிட்டது. ஒரே டியூப்பில் இரண்டு பயன் தரும் இந்தச் சோதனையை நான் விடுவதே இல்லை.

லெக்டின் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, பதில் ஏற்கெனவே தெரிந்த செல்களைக் கையில் வைத்திருங்கள். ஜர்காட் ரத்தப் புற்றுச் செல்களில் காஸ்ம்சி என்ற மரபணு பழுதாகியிருப்பதால் சங்கிலி முதல் சர்க்கரையோடு நின்றுபோய், டிஎன் ஆன்டிஜென் என்ற அந்த ஒற்றைச் சர்க்கரை வெளியே தெரியும். டிஎன்னைப் பிடிக்கும் விவிஏ லெக்டின் அங்கே ஒளிராவிட்டால் லெக்டினைத் தூக்கி எறியலாம். எதிர்ப்பக்கத்துக்குச் சீன வெள்ளெலியின் சிஎச்ஓ செல்கள் இருக்கின்றன. அவை ஆல்ஃபா 2,6 சயாலிக் அமிலத்தைச் செய்வதில்லை. அங்கே எஸ்என்ஏ ஒளிர்ந்தால் உங்கள் முறையில்தான் ஓட்டை இருக்கிறது.

அறிகுறி 2: எல்லாமே ஒளிர்கிறது

முதலில் செத்த செல்களைப் பாருங்கள். செல் செத்தால் சவ்வு ஓட்டையாகி லெக்டின் உள்ளே போய்விடும். உள்ளே எண்டோபிளாச வலையில் இன்னும் செதுக்கப்படாத, மேனோஸ் நிறைந்த சங்கிலிகள் குவிந்திருக்கும். கான்-ஏ அங்கே விருந்து சாப்பிடும். உயிர்ச் செல்லைப் பிரித்துக்காட்டும் சாயம் இல்லாமல் கான்-ஏ அளவை நம்பவே கூடாது. ஃபார்மால்டிஹைடில் பதப்படுத்திய செல்லிலும் சவ்வு கொஞ்சம் இளகிவிடும். முடிந்தால் லெக்டினை முதலில் போட்டு, பிறகு பதப்படுத்துங்கள்.

அடுத்து, சாயத்தைச் சுமந்துவரும் புரதம். ஒரு காலத்தில் பயோட்டின் ஒட்டிய லெக்டினைப் பிடிக்க முட்டை வெள்ளைக்கருவின் அவிடின் பயன்பட்டது. அவிடினிலேயே மேனோஸ் உள்ள சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. செல்லில் ஒட்டிய கான்-ஏவின் காலியான குழிகள் அதையும் பிடித்துக்கொள்ளும். பாக்டீரியாவிலிருந்து வரும் ஸ்ட்ரெப்டாவிடினில் சர்க்கரை இல்லை. உங்கள் ஃப்ரீசரில் எது இருக்கிறது என்று ஒருமுறை சீட்டைத் திருப்பிப் படித்துவிடுங்கள்.

மூன்றாவது, வெப்பநிலை. உயிர்ச் செல்லில் லெக்டின் போட்டு அறை வெப்பத்தில் விட்டுவிட்டால் செல் அதை விழுங்கத் தொடங்கும். ஐஸில் 30 நிமிடம் வையுங்கள், கழுவும் பஃபரும் குளிர்ந்ததாக இருக்கட்டும்.

அறிகுறி 3: செல்கள் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்கின்றன

லெக்டின்களுக்குப் பெரும்பாலும் இரண்டு அல்லது நான்கு கைகள். கான்-ஏ நடுநிலை அமிலத்தன்மையில் நான்கு துண்டுகள் சேர்ந்தது. ஒரு கையால் ஒரு செல்லையும் மற்றொரு கையால் அடுத்த செல்லையும் பிடித்தால் கட்டி வராமல் என்ன செய்யும்?

இந்தத் தொல்லைதான் இந்தத் துறையின் தொடக்கம் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கும். 1963-இல் பாஸ்டனில் ஜோசப் ஆப் என்ற ஆய்வாளர் கோதுமை முளையிலிருந்து எடுத்த லைப்பேஸ் நொதியைச் செல்களின் மேல் ஊற்றிப் பார்த்தார். புற்றுச் செல்கள் கட்டின, இயல்பான செல்கள் கட்டவில்லை. அதைச் செய்தது லைப்பேஸ் இல்லை, அதோடு கலந்து வந்த ஒரு புரதம். 1967-இல் பர்கரும் கோல்ட்பர்க்கும் அதைப் பிரித்தெடுத்தார்கள். இன்று நாம் டபிள்யூஜிஏ என்று குப்பியில் வாங்குவது அதைத்தான். புற்றுச் செல்லின் தோல் வேறு மாதிரி என்பதற்கு அது ஒரு தொடக்கக் காலச் சான்று.

சரி, நம் டியூப்புக்கு வருவோம். லெக்டின் அளவைக் குறைப்பதே முதல் மருந்து. மில்லிலிட்டருக்கு 0.1 முதல் 20 மைக்ரோகிராம் வரை இரட்டிப்பு வரிசையில் ஓட்டிப் பாருங்கள். ஒளி ஏறி, பிறகு தட்டையாகும். அதற்கும் மேலே போனால் கட்டிகள் பெருகி எண்ணிக்கை விழத் தொடங்கும். ஏற்றம் முடிந்து தட்டையாகத் தொடங்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு லெக்டினுக்கும், ஒவ்வொரு செல் வகைக்கும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். டபிள்யூஜிஏக்கும் கான்-ஏக்கும் மிகக் குறைவாகவே தேவைப்படும். செல்லை நெருக்கமாக வைக்காதீர்கள், கழுவும்போது சென்ட்ரிஃப்யூஜை மெதுவாகச் சுற்றுங்கள், வடிகட்டிவிட்டு ஓட்டுங்கள், இரட்டைச் செல்களைக் கணக்கிலிருந்து நீக்குங்கள். ஒரு எச்சரிக்கை: கட்டியாகிப் போனவை உங்கள் மாதிரியில் மிகப் பிரகாசமான செல்கள். அவற்றை நீக்கினால் மிஞ்சியவற்றின் சராசரி தானாகவே இறங்கும். கட்டி அதிகம் வந்த நாளின் எண்ணை, கட்டி வராத நாளின் எண்ணோடு ஒப்பிட முடியாது.

அறிகுறி 4: இயல்பான செல்லுக்கும் புற்றுச் செல்லுக்கும் வேறுபாடு மிகப் பெரிதாக இருக்கிறது

நல்ல முடிவு வந்திருக்கிறது என்று மகிழ்வதற்கு முன் இரண்டு செல்களையும் தட்டிலிருந்து எப்படி எடுத்தீர்கள் என்று பாருங்கள்.

நான் இதில் முழுதாக ஒரு மாதத்தை இழந்தேன். ஒரு செல் வரிசை தட்டில் இறுக்கமாக ஒட்டும், அதை ட்ரிப்சின் போட்டுக் கிளப்பினேன். மற்றொன்று சற்றுத் தட்டினாலே வந்துவிடும், அதற்கு ட்ரிப்சின் தேவைப்படவில்லை. எஸ்என்ஏ அளவில் பல மடங்கு வேறுபாடு. வரைபடம் வரைந்து, தலைப்பும் எழுதி, எல்லோரிடமும் காட்டிவிட்டேன். பிறகு இரண்டையும் ஒரே விதமாக ஈடிடிஏவால் எடுத்தபோது வேறுபாட்டில் பெரும்பகுதி காணாமல் போனது. நான் அளந்தது சயாலிக் அமிலத்தை இல்லை, ட்ரிப்சினின் பசியை.

ட்ரிப்சின் புரதத்தை வெட்டும்போது அதில் தொங்கும் சர்க்கரையும் சேர்ந்தே போய்விடும். கொழுப்பில் தொங்குபவை தப்பிக்கும். இதனால் மொத்தம் குறைவது மட்டுமில்லை, எந்த வகைச் சர்க்கரை எவ்வளவு என்ற விகிதமும் சாய்ந்துவிடும். எதிர்த்திசையிலும் ஏமாற்றம் உண்டு. ட்ரிப்சின் லேசாகப் பட்டாலே இயல்பான செல்களும் டபிள்யூஜிஏவில் புற்றுச் செல்போலவே கட்டுகின்றன என்று பர்கர் 1969-லேயே காட்டிவிட்டார். நம்மில் பலர் அதைப் படித்திருப்போம், ஆனால் அவசரத்தில் கை தானாக ட்ரிப்சின் பாட்டிலுக்குப் போய்விடுகிறது.

எல்லா மாதிரிகளையும் ஒரே முறையில் எடுங்கள். 2 முதல் 5 மில்லிமோலார் ஈடிடிஏவில் சில நிமிடம் வைத்து, மெதுவாக ஊதி எடுக்கலாம். எடுத்த பிறகு கால்சியம் உள்ள பஃபரில் இரண்டு முறை கழுவுங்கள். இல்லையென்றால் நேராக அறிகுறி 1-க்குப் போய்விடுவீர்கள். ட்ரிப்சின் தவிர வேறு வழியில்லை என்றால், கிளப்பிய செல்லை வளர்ப்பு ஊடகத்தில் சில மணி நேரம் மிதக்கவிட்டு, மேல்பரப்புப் புரதங்கள் திரும்பி வர நேரம் கொடுங்கள். அதையும் எல்லா மாதிரிக்கும் ஒரே அளவு செய்யுங்கள்.

இதே தலைப்பில் செல்லின் பருமன் என்ற பழைய சிக்கலும் உண்டு. விட்டம் இரண்டு மடங்கானால் மேல்பரப்பு நான்கு மடங்கு. புற்றுச் செல் பெரியது என்பதாலேயே அதிகம் ஒளிரலாம். ஒரு செல்லுக்கு எவ்வளவு என்று கேட்கிறீர்களா, ஒரு சதுர மைக்ரோமீட்டருக்கு எவ்வளவு என்று கேட்கிறீர்களா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆய்வுக் கட்டுரையிலும் அதைச் சொல்லுங்கள்.

அறிகுறி 5: சர்க்கரை போட்டுத் தடுத்தும் ஒளி குறையவில்லை

இதுதான் இந்தப் பட்டியலில் மிகவும் மதிக்க வேண்டிய அறிகுறி. மற்றவை எல்லாம் தொல்லை, இது எச்சரிக்கை.

முதலில் சரியான சர்க்கரை போட்டீர்களா? கான்-ஏக்கு மீத்தைல் ஆல்ஃபா மேனோசைடு, 200 மில்லிமோலார். பிஎன்ஏக்கு கேலக்டோஸ். விவிஏக்கு என்-அசிட்டைல் கேலக்டோசமின். டபிள்யூஜிஏக்கு என்-அசிட்டைல் குளுக்கோசமின். எஸ்என்ஏக்கு லாக்டோஸ். சர்க்கரையை லெக்டினோடு அரை மணி நேரம் முன்பே கலந்து வைத்து, அந்தக் கலவையைச் செல்லில் ஊற்ற வேண்டும். லெக்டின் ஒட்டிய பிறகு சர்க்கரை ஊற்றினால் பல இடங்களில் பிடித்த கையை அது விடாது.

பிஎச்ஏ-எல் இங்கே ஒரு விதிவிலக்கு. எந்த ஒற்றைச் சர்க்கரையும் அதைத் தடுக்காது, ஏனென்றால் அது பார்ப்பது கிளையின் முழு வடிவத்தை. 200 மில்லிமோலார் கேலக்டோஸ் போட்டு, ஒன்றும் குறையாததைப் பார்த்து, லெக்டின் கெட்டுவிட்டது என்று எறிந்தவர்கள் உண்டு. இதற்கு வேறு கன்ட்ரோல் (ஒப்பீட்டுச் சோதனை) வேண்டும். செல்லைக் கிஃபுனென்சின் என்ற தடுப்பானோடு இரண்டு மூன்று நாள் வளருங்கள். மேனோஸ் வெட்டப்படாமல் சங்கிலிகள் இளநிலையிலேயே நின்றுவிடும், கிளை வராது. பிஎச்ஏ-எல் விழ வேண்டும், அதே செல்லில் கான்-ஏ ஏற வேண்டும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் நகர்ந்தால் மனம் நிம்மதியாகும். இந்தக் கிளைகளுக்கும் புற்று பரவுவதற்கும் உள்ள தொடர்பை டொராண்டோவில் ஜேம்ஸ் டென்னிஸ் குழு 1987-இல் காட்டியது முதல் இந்த ராஜ்மா லெக்டின்மேல் எவ்வளவோ பாரம் ஏற்றியிருக்கிறோம். அதற்கு இந்த ஒரு கன்ட்ரோலாவது கொடுக்க வேண்டாமா?

இன்னொரு சிக்கல் எதிர்த்திசையில் வரும்: சர்க்கரை தடுத்ததுபோலத் தெரியும், ஆனால் தடுத்தது அதன் அடர்த்தி. 200 மில்லிமோலார் சர்க்கரை பஃபரின் ஊடுபரவல் அழுத்தத்தை வெகுவாக ஏற்றிச் செல்லைச் சுருக்கிவிடும். அதனால் அந்த லெக்டினுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சர்க்கரையை அதே அளவில் போட்டு ஒரு டியூப் வையுங்கள். கான்-ஏக்கு கேலக்டோஸ், பிஎன்ஏக்கு மேனோஸ். அது ஒளியைக் குறைக்கக் கூடாது.

எல்லாம் சரியாகச் செய்தும் குறையவில்லை என்றால், ஒளி சர்க்கரையால் வரவில்லை என்று ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த எண்ணைப் பயன்படுத்தாதீர்கள்.

அறிகுறி 6: நியூராமினிடேஸ் போட்டும் சயாலிக் அமிலம் போகவில்லை

நொதி செத்திருக்கலாம். அமிலத்தன்மை (pH) 5-க்கும் 6-க்கும் இடையில் இருந்ததா? காலரா பாக்டீரியாவின் நொதி என்றால் கால்சியம் இருந்ததா? இதைச் சோதிக்க பிஎன்ஏவைக் கூப்பிடுங்கள். எஸ்என்ஏ விழாவிட்டாலும் பிஎன்ஏ ஏறியிருந்தால் நொதி வேலை செய்திருக்கிறது.

மால்-2 லெக்டின் என்றால் வேறு காரணம் இருக்கலாம். அது ஆல்ஃபா 2,3 சயாலிக் அமிலத்துக்கு என்று வாங்குகிறோம், ஆனால் சல்ஃபேட் ஏறிய சர்க்கரையிலும் அது உட்காரும். நொதிக்கு அசையாத மால்-2 ஒளியை ஆல்ஃபா 2,3 என்று எழுதாதீர்கள். ஆல்ஃபா 2,3 பிணைப்பை மட்டும் வெட்டும் நியூராமினிடேஸ் கிடைக்கிறது. அதைப் போட்டால் மால்-2 விழுந்து எஸ்என்ஏ அப்படியே நிற்க வேண்டும். பொது நொதியில் இரண்டும் விழ வேண்டும்.

மூன்றாவது காரணம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது நம் முடிவையே தலைகீழாக்கக் கூடியது. சயாலிக் அமிலத்தின் மேல் அசிட்டைல் தொகுதி ஏறியிருக்கலாம். அப்போது நொதியும் திணறும், சில ஆன்டிபாடிகளும் கண்டுகொள்ளாது. இயல்பான பெருங்குடல் இந்த அசிட்டைலால் நிறைந்தது. சயாலைல்-டிஎன், அதாவது சயாலிக் அமிலம் ஏறிய டிஎன் ஆன்டிஜென், குடல் புற்றில் மட்டும் தெரிகிறது, இயல்பான குடலில் இல்லை என்று பலர் கண்டார்கள். திசுவை மென்மையான காரத்தால் கழுவி அசிட்டைலை நீக்கிப் பார்த்தபோது இயல்பான குடலிலும் அது வெளிப்பட்டது. புற்று புதிதாகச் செய்ததாக நினைத்தது, உண்மையில் முகத்திரையை விலக்கியதுதான். குடல் திசுவில் வேலை செய்பவர்கள் காரம் போட்டது, போடாதது என்று இரண்டு வெட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது என்பது என் கருத்து.

அறிகுறி 7: ஒரு நோயாளியின் திசு மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை

ரத்த வகையைக் கேளுங்கள். ஏ வகை என்பதே ஒரு சர்க்கரைதான்: நுனியில் ஓர் என்-அசிட்டைல் கேலக்டோசமின். டிஎன் ஆன்டிஜெனும் அதே சர்க்கரையின் மற்றொரு கோலம். புற்றைத் தேடிப் போடும் சில லெக்டின்களுக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியாது. நம் கொள்ளுப் பயறு இதற்குச் சாட்சி. கொள்ளின் சாறு, ஏ வகையின் ஓர் உட்பிரிவான ஏ1 வகைச் சிவப்பணுக்களைக் கட்டவைக்கிறது என்று பேர்ட் 1951-இல் கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதினார். ரத்த வங்கிகளில் அந்தக் கொள்ளு லெக்டின் ஏ1, ஏ2 பிரிக்கப் பயன்பட்டது. அதே லெக்டினை ஏ வகை நோயாளியின் கட்டியில் போட்டால், புற்றும் ஒளிரும், ரத்தக் குழாய்ச் சுவரும் ஒளிரும், திசுவில் சிக்கிய சிவப்பணுவும் ஒளிரும். சிவப்பணுக்களை உடைத்துக் கழுவிவிடுங்கள், ஓ வகை மாதிரிகளை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கணையப் புற்றுக்கான ரத்தக் குறியீடு சிஏ 19-9-உம் இப்படித்தான். அது சயாலைல் லூயிஸ்-ஏ என்ற சர்க்கரை. லூயிஸ் நொதி பிறவியிலேயே இல்லாதவர்களால் அதைச் செய்ய முடியாது. இவர்கள் பொதுவாக 5 முதல் 10 விழுக்காடு என்று சொல்லப்படுகிறது. கணையப் புற்று முற்றியிருந்தாலும் அவர்களுக்கு இந்த அளவு ஏறாது. ஒரு மாதிரி முழுக்க வெறுமையாக இருந்தால் ஆன்டிபாடியைக் குறை சொல்லும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 8: தனியாகப் போட்டால் சரி, சேர்த்துப் போட்டால் குழப்பம்

ஆன்டிபாடியும் சர்க்கரை தாங்கிய புரதம். பல லெக்டின்களும் அப்படியே. சோயா லெக்டினில் ஒன்பது மேனோஸ் உள்ள சங்கிலி தொங்குகிறது, கான்-ஏ அதைக் கண்டால் விடாது. ஒரே டியூப்பில் எல்லாவற்றையும் கொட்டினால் அவை செல்லை விட்டுவிட்டு ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். லெக்டினை முதலில் போட்டு, கழுவி, மிச்சக் குழிகளை அதற்குரிய சர்க்கரையால் அடைத்து, பிறகு ஆன்டிபாடி போடுங்கள். கான்-ஏக்கு எப்போதும் தனி டியூப்.

அறிகுறி 9: நேற்றைய எண் இன்று வரவில்லை

கருவியின் மின்னழுத்தம், சாயத்தின் புது லாட் என்பவற்றை அளவீட்டு மணிகளை ஓட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். அதற்கும் அப்பால் செல்லே மாறியிருக்கலாம். கிளை போடும் நொதிக்கு மூலப்பொருள் குளுக்கோஸிலிருந்தும் குளுட்டமினிலிருந்தும் வருகிறது. தட்டு நிரம்பி ஊடகம் மஞ்சளான பிறகு எடுத்த செல்லில் பிஎச்ஏ-எல் இறங்கியிருந்தால் வியப்பில்லை. எத்தனையாவது வளர்ப்பு, எவ்வளவு நிரம்பியிருந்தது, ஊடகம் எப்போது மாற்றியது, சீரம் எந்த லாட் என்று நோட்டில் எழுதுங்கள். ஒரே நாளில் வளர்த்த செல்லைப் பதப்படுத்திச் சிறு குப்பிகளில் சேமித்து, ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒன்றைச் சேர்த்து ஓட்டுங்கள்.

அறிகுறி 10: லெக்டின் ஒன்று சொல்கிறது, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேறொன்று சொல்கிறது

இருவரும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் பதில். லெக்டின் செல்லின் வெளித்தோலைப் பார்க்கிறது. மூலக்கூறுகளின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரிலோ, நீங்கள் செல்லை உடைத்து, பிஎன்ஜிஏஸ்-எஃப் நொதியால் சங்கிலிகளை விடுவித்து ஓட்டுகிறீர்கள். அதில் உள்ளே பாதி செய்யப்பட்ட மேனோஸ் சங்கிலிகளும் வந்துவிடும். சோடியம் ஒட்டிய எடையாக 1257, 1419, 1581, 1743, 1905 என்று ஐந்து முதல் ஒன்பது மேனோஸ் வரை உயரமான சிகரங்கள் நின்றால் அதில் பெரும்பங்கு எண்டோபிளாச வலையின் சரக்கு. மேல்பரப்புப் புரதங்களை மட்டும் பயோட்டின் போட்டு இழுத்தெடுத்து ஒப்பிடுங்கள். பிஎன்ஜிஏஸ்-எஃப் நைட்ரஜன் வழி ஒட்டிய சங்கிலிகளை மட்டுமே வெட்டும் என்பதையும் மறக்க வேண்டாம். டிஎன், டி இரண்டும் ஆக்சிஜன் வழி ஒட்டியவை, அதனால் இந்தப் படத்தில் வரவே வராது.

162 (சங்கிலியில் ஒரு மேனோஸோ குளுக்கோஸோ கூட்டும் எடை) இடைவெளியில் படிக்கட்டு தெரிந்தாலும் உடனே மேனோஸ் என்று எழுதாதீர்கள். 851, 1013, 1175, 1337 என்று போனால் அது வெறும் குளுக்கோஸ் சங்கிலி: செல்லின் கிளைக்கோஜனாகவோ, காகிதத்தூளாகவோ, பிரிப்புக் குழாயின் டெக்ஸ்ட்ரானாகவோ இருக்கலாம். 44 இடைவெளி என்றால் பாலிஎத்திலீன் கிளைகால், சோப்பு வகையிலிருந்தோ பிளாஸ்டிக்கிலிருந்தோ வந்தது.

சயாலிக் அமிலம் மட்டும் குறைந்து தெரிந்தால் அது லேசரில் உதிர்ந்திருக்கும், அல்லது அமிலத்தில் சூடாக்கியபோது போயிருக்கும். பெர்மெத்திலேஷன், அதாவது சர்க்கரையின் எல்லா முனைகளிலும் மெத்தில் தொகுதி ஏற்றுவது, செய்தால் நிற்கும். செய்தது முழுமையாகாவிட்டால் ஒவ்வொரு சிகரத்துக்கும் 14 குறைவாக ஒரு குட்டி நிற்கும், மறுபடி செய்ய வேண்டும்.

பெயர் வைப்பதில் நடக்கும் பிழைகள் இன்னும் நுட்பமானவை. ஃப்யூகோஸ் என்ற சர்க்கரை இரண்டு சேர்ந்தால் 292.1, ஒரு சயாலிக் அமிலம் 291.1. சயாலிக் அமிலம் உள்ள சங்கிலியின், எடையில் ஒன்று கூடிய அடுத்த ஐசோடோப் சிகரம் ஏறத்தாழ ஃப்யூகோஸ் சங்கிலியின் மேலேயே விழும். ஃப்யூகோஸும் சயாலிக் அமிலமும் இரண்டுமே கூடும் புற்றில் இது எவ்வளவு கெட்ட இடம் என்று பாருங்கள். பெர்மெத்திலேஷனுக்குப் பிறகு இந்த இடைவெளி 13 ஆகிவிடும், குழப்பம் தீரும்.

சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் ஒட்டினால் 15.97 கூடும். நியூ5ஏசி என்ற சயாலிக் அமிலத்துக்கும் அதன் மற்றொரு வகையான நியூ5ஜிசிக்கும் உள்ள இடைவெளி 15.99. சாதாரணக் கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். மனித உடல் நியூ5ஜிசியைச் செய்வதில்லை, அதற்கான நொதியின் மரபணு நம் மூதாதையரிடமே பழுதாகிவிட்டது. ஆனால் புற்றுச் செல்கள் வெளியிலிருந்து வரும் நியூ5ஜிசியை எடுத்துத் தம் சங்கிலியில் கோத்துக்கொள்ளும். இதைத் தொடர்ந்து ஆராய்ந்து வருபவர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் படித்து, சான் டியாகோவில் பணியாற்றும் அஜித் வார்க்கி. உங்கள் தட்டில் அது வரும் வழி கன்றுச் சீரம். அதனால் மனிதச் செல்லில் நியூ5ஜிசி தெரிந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பொட்டாசியமா? கழுவாமல் ஒட்டிய மாட்டுப் புரதமா? உண்மையாகவே செல் கோத்துக்கொண்டதா? சீரமில்லா ஊடகத்தில் சில நாள் வளர்த்துப் பார்த்தால் பின்னிரண்டில் எது என்று தெரிய வழியுண்டு. நன்றாகக் கழுவிய உடனேயே மறைந்தால் மாட்டுப் புரதம், செல் பிரியப் பிரிய நாளாக நாளாகக் குறைந்தால் செல் கோத்தது.

நியூ5ஜிசியோடு ஒரு ஃப்யூகோஸ், நியூ5ஏசியோடு ஒரு ஹெக்சோஸ் (மேனோஸ், கேலக்டோஸ் போன்ற சர்க்கரை) என்ற இரண்டு கூட்டுகளும் எடையில் முழுக்க ஒன்றே. இங்கே எவ்வளவு உயர்ந்த கருவி இருந்தாலும் எடை மட்டும் உதவாது. சங்கிலியை உடைத்து, துண்டுகளில் 290-ஆ (நியூ5ஏசி) 306-ஆ (நியூ5ஜிசி) எதிர்மின் அயனி முறையில் வருகிறது என்று பார்த்துவிட்டுப் பெயர் எழுதுங்கள்.